கீழ்வேளூர் ஃப்ளெக்ஸில் என் மனைவி

1

இந்த வலைப்பூ தொடங்கிப் பதினோரு ஆண்டுகள் முடிந்துவிட்டன. இது 613-ஆம் பதிவு. ஆண்டு நிறைவுக்கென்று ஒரு பதிவு எழுதி, ஒன்பது படங்கள் தேர்ந்தெடுத்து, தயாராக வைத்திருந்தேன். மெல்பர்ன் வெயில், பேத்தியின் கோடை விடுமுறை, வீட்டுப் பின்புறம் தொட்டியில் நிற்கும் கறிவேப்பிலை என்று எல்லாம் சந்தோஷமான சமாச்சாரம். அதை அழித்துவிட்டேன். எனக்கு இப்போது சந்தோஷமாக எழுத வரவில்லை. கோபமாகத்தான் வருகிறது. சாந்தமாகப் படிக்க விரும்புகிறவர்கள் பழைய பதிவுகளுக்குப் போகலாம், 612 இருக்கின்றன.

விஷயம் இதுதான். போன மாதம் கீழ்வேளூரில் ஒரு தெரு முனையில் எட்டடி உயரத்துக்கு ஒரு ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். மேலே 'கண்ணீர் அஞ்சலி'. இரண்டு பக்கமும் எரியும் குத்துவிளக்கு. நடுவில் ரோஜா மாலைக்குள் என் மனைவி வசந்தா சிரித்துக்கொண்டிருந்தாள்.

வசந்தாவுக்கு அறுபத்தொன்பது வயது. உயிரோடு, ஆரோக்கியமாக, அந்த நேரத்தில் இங்கே சமையலறையில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

2

புதிதாக வருகிறவர்களுக்கு என்னைப் பற்றி நாலு வரி. சொந்த ஊர் திருவிடைமருதூருக்குப் பக்கம். முப்பத்துநான்கு வருஷம் ஆற்று மதகுகளில் நீரளவு குறிக்கும் வேலை. ஒரு நாளைக்கு மூன்று வேளை அளவுகோலைப் பார்த்து எழுதியவனுக்கு ஓய்வு பெற்ற பிறகும் எண்ணுகிற பழக்கம் போகவில்லை. அறுபத்திரண்டு வயதில் மகன் இங்கே கூப்பிட்டுக்கொண்டான். வந்த முதல் மாதம் ஒரு கேமரா வாங்கிக் கொடுத்தான். "அப்பா, சும்மா உக்காந்து கார்களை எண்ணாதீங்க, படம் எடுங்க" என்றான். அன்று முதல் படங்களை எண்ணுகிறேன்.

இதுவரை எடுத்தவை 27,416. வலைப்பூவில் போட்டவை 4,318. ஒன்றையும் அழிக்கிற வழக்கம் எனக்கில்லை. கெட்டுப்போன படங்களுக்குக்கூடத் தனிக் கோப்புறை உண்டு. 'தேறாதவை' என்று பெயர்.

இங்கே என் நாள் எப்படிப் போகும் என்று ஊரிலிருந்து அடிக்கடி கேட்கிறீர்கள். காலையில் வசந்தா காப்பி போடுவாள், ஆவியோடு ஒரு படம். மகன் சட்டையை மாட்டிக்கொண்டே ஓடுவான், அது ஒன்று. பேத்தி யாழினி தட்டில் தோசையை வைத்துக்கொண்டு ஃபோனைப் பார்ப்பாள். "என் பக்கம் பாரும்மா" என்றால் "நோ தாத்தா" என்பாள், அந்த 'நோ'வோடு ஒன்று. மத்தியானம் அதையெல்லாம் கணினியில் ஏற்றி, இரண்டு பத்தி எழுதிப் போடுவேன். ராத்திரிச் சாப்பாட்டில் மருமகள் கருத்துரைகளை வாசிப்பாள், எல்லாரும் சிரிப்பார்கள். யாழினிக்கு மட்டும் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டும். தமிழ் பேசுவாள், ஒரு எழுத்து படிக்க வராது. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு ஏழு முறை அழைத்துப் போனேன். எட்டாவது முறைக்கு நீச்சல் வகுப்பு வந்துவிட்டது.

இதில் குறை சொல்ல எனக்கு எப்போதும் நிறைய இருந்தது. ஆனாலும் சந்தோஷமாகத்தான் இருந்திருக்கிறேன். இப்போது தெரிகிறது.

3

வசந்தாவின் பாஸ்போர்ட் காலாவதியாகும் நேரம். படம் எடுக்க மருந்துக்கடைக்குப் போகலாம், இந்த ஊரில் அங்கேதான் எடுப்பார்கள் என்றான் மகன். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. வீட்டில் நான் இருக்க, மருந்துக்கடைக்காரன் என் மனைவியைப் படம் எடுப்பதா?

நானே எடுத்தேன். ஜன்னல் ஓரம், காலை பத்தரை மணி வெளிச்சம். நீலச் சேலை கட்டச் சொன்னேன். "பல்லு தெரியக் கூடாதாம்" என்றேன். அவளுக்கு அதற்கே சிரிப்பு வந்துவிட்டது. வாழ்க்கையில் நான் எடுத்த நல்ல முகப்படம் அதுதான்.

திருப்பி அனுப்பினார்கள். சிரிக்கக் கூடாதாம்.

இரண்டாவது முறை சிரிக்காமல் எடுத்தேன். காதுக்குப் பின்னால் நிழலாம். மூன்றாவது முறை நிழல் இல்லை. பின்னணி வெள்ளையாக இல்லை, சற்று மஞ்சளாம். மூன்று முறைக்கும் ஐம்பத்திரண்டு நாட்கள் ஓடிப்போயின. அந்த அலுவலகத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அடுத்த முறையும் திருப்பி அனுப்புவார்கள். கோபத்தில் 'நிராகரிக்கப்பட்ட முகம்' என்று தலைப்பிட்டு அந்த முதல் படத்தை வலைப்பூவில் போட்டேன். அறுபத்திரண்டு பேர் பாராட்டினீர்கள். கடைசியில் மருந்துக்கடைக்காரன் இரண்டு நிமிடத்தில் எடுத்துக் கொடுத்தான். அதை ஏற்றுக்கொண்டார்கள். அதில் வசந்தா போலீஸ் தேடும் ஆள் மாதிரி இருக்கிறாள்.

பாஸ்போர்ட் அச்சாகி வருவதற்குள் கீழ்வேளூரிலிருந்து செய்தி வந்தது. வசந்தாவின் அக்கா சரோஜா போய்விட்டார். அறுவடைக்குத் தயாராக நின்ற வயலைப் பார்த்துவிட்டு வந்து படுத்தவர், விடியற்காலையில் எழுந்திருக்கவில்லை.

இங்கே மணி பதினொன்று. உடனே கிளம்பி அந்த அலுவலகத்துக்குப் போனேன். வரிசையில் எனக்கு முன்னால் இருபத்தாறு பேர். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் நம் நாட்டுப் பெண்தான். ஆனால் இங்கிலீஷில்தான் பேசுவேன் என்று இருந்தாள். அவசரப் பயணத்துக்கு ஒரு படிவம் உண்டு. இறந்தவர் விண்ணப்பதாரருக்கு என்ன உறவு என்று கட்டங்கள் இருக்கின்றன. கணவன் அல்லது மனைவி, பெற்றோர், பிள்ளை. மூன்றே கட்டம். உடன்பிறந்தவர் என்று கட்டம் இல்லை.

"அம்மா செத்த பிறகு என் மனைவியை வளர்த்ததே அக்காதான்" என்றேன். அந்த இங்கிலீஷில் என்னென்ன தப்பு விட்டேனோ, அவள் "அப்படியானால் தத்தெடுத்த சான்றிதழ் இருக்கிறதா?" என்று கேட்டாள்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். வசந்தா அழவில்லை. "அந்த முதல் படத்தையே கடையில எடுத்திருந்தா இந்நேரம் கையில பாஸ்போர்ட் இருந்திருக்கும்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அலுவலகத்தைத் திட்டவும் இல்லை.

4

மறுநாள் யாழினி ஃபோனை நீட்டிக்கொண்டு ஓடி வந்தாள். குடும்ப வாட்ஸப் குழுவில் அந்த ஃப்ளெக்ஸ்.

"பாட்டி! யூ ஆர் ஸோ பிக்! பாட்டி எலெக்‌ஷன்ல நிக்கிறாங்களா தாத்தா?"

அவளுக்கு எழுத்துப் படிக்க வராது. மாலையும் பெரிய முகமும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். நான் படித்தேன். 'எங்கள் குலவிளக்கு சரோஜா அம்மாள்.' மேலே என் மனைவி. அரசாங்கம் திருப்பி அனுப்பிய அதே படம், அதே நீலச் சேலை. கீழே 'துயரில் வாடும்' என்று இரண்டு வரிசையில் பதினேழு வட்டங்கள். பதினொன்றாவது வட்டத்தில் நான், இந்த வலைப்பூவின் முகப்பில் இருக்கும் கறுப்புக் கண்ணாடிப் படத்தோடு. பன்னிரண்டாவது வட்டத்துக்குக் கீழே 'தங்கை வசந்தா' என்று போட்டு, முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ரோஜாப்பூ. ஒரே ஆள் இரண்டு இடத்தில் வரக் கூடாது என்று ஃப்ளெக்ஸ் கடையில் யாரோ யோசித்திருக்கிறார்கள்! அந்த அளவு புத்தி வேலை செய்திருக்கிறது!

சரோஜா அக்காவின் ஒரே மகன் செல்வத்தை உடனே கூப்பிட்டேன்.

"டேய், அது யார் படம்னு தெரியுதா உனக்கு?"

"தெரியாம என்ன சித்தப்பா. சித்தி படம்."

"தெரிஞ்சே வச்சியா?"

"அம்மா படம் எங்க இருக்கு, சொல்லுங்க. என் போன்ல ரெண்டே ரெண்டு. ஒண்ணுல வாயத் தொறந்துகிட்டுத் தூங்குது. இன்னொண்ணுல முந்தானைய இழுத்து மூஞ்சிய மூடிக்கிச்சு. ஆதார் அட்டையக் கொண்டுபோய்க் குடுத்தேன். கடைக்காரர், 'எட்டடிக்கு இழுத்தா எள்ளக் கொட்டினாப்ல இருக்கும், வேற கொண்டாங்க'ன்னுட்டாரு."

"கல்யாண ஆல்பம் என்னாச்சு? உன் கல்யாணத்துல ஐந்நூறு படம் எடுத்தாங்களேடா."

"அதுல அம்மா எங்க நின்னுச்சு? அப்பா போனதுக்கப்புறம் எந்த விசேஷத்துல அது கேமராவுக்கு முன்னால வந்துருக்கு? அடுப்படியிலதான் இருக்கும். கூப்புட்டாலும் 'நான் எதுக்கு அங்க'ங்கும்."

"என்னைக் கேட்டிருக்கலாமே!"

"கேட்டேனே சித்தப்பா. 'உங்ககிட்ட அம்மா படம் இருக்கும், நல்லதா ஒண்ணு அனுப்புங்க'ன்னு அன்னிக்கே மெசேஜ் போட்டேன். நீங்க பாக்கல. சித்தியக் கேட்டேன். அவங்கதான் இத அனுப்புனாங்க."

பார்த்தேன். செய்தி இருந்தது. நான் அந்தக் கண்ணாடி ஜன்னலுக்கு முன்னால் நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது வந்திருக்கிறது.

"அச்சு அசல் அம்மாதான் சித்தப்பா" என்றான் செல்வம். "வந்தவங்கள்ல பாதிப் பேரு, 'சரோஜாவுக்கு எப்பவும் சிரிச்ச மொகம்'னு சொல்லிட்டுப் போனாங்க. பதினாறாம் நாள் படத்திறப்பு. அதுக்கும் இதையே சட்டம் போடச் சொல்லிட்டேன்."

5

ஃப்ளெக்ஸைக் காற்று கிழிக்கும், மாடு தின்னும். படத்திறப்பு அப்படி இல்லை. காரியத்தன்று உறவுக்காரர்கள் கூடி, பெரியவர் ஒருவர் திரையை விலக்க, அந்தப் படம் கூடத்துச் சுவரில் ஏறிவிடும். தினமும் பூ, விளக்கு. செல்வத்தின் பேரப்பிள்ளைகள் காலம் வரைக்கும் என் மனைவி அங்கே செத்தவளாகத் தொங்குவாள். அடுத்த வருஷம் நாங்கள் ஊருக்குப் போய் அந்தக் கூடத்தில் உட்கார்ந்து, அவள் படத்துக்குக் கீழேயே அவள் சாப்பிடுவாள்.

"உனக்குப் பைத்தியமா? உயிரோட இருக்கறவ படத்தை மாலை போட அனுப்புவாங்களா?" என்று வசந்தாவிடம் கத்தினேன். மகன் வேலை அறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டான்.

"நான்தான் போக முடியல. என் மூஞ்சியாவது அவ வீட்டுல நிக்கட்டும்" என்றாள் வசந்தா.

"அபசகுனம்."

"அக்கா வீட்டுச் சுவர்ல இருக்கறதுல எனக்கு ஒரு அபசகுனமும் இல்ல. உங்களுக்கு இருந்தா அவ படத்தைக் குடுங்க. பதினோரு வருஷமா படம் எடுக்கறீங்களே, குடுங்க."

கொடுத்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். இந்தப் பதினோரு ஆண்டில் நான்கு முறை ஊருக்குப் போயிருக்கிறோம். எங்கள் வீட்டில் வாடகைக்கு ஆள் இருப்பதால் நாலு முறையும் சரோஜா அக்கா வீட்டில்தான் தங்கினோம். மொத்தம் இருபத்திரண்டு நாள். அக்கா கையால் சாப்பிட்டது அறுபத்தொரு வேளை. ஊர்ப் படங்கள் வலைப்பூவில் 709.

போடாமல் வைத்திருந்தவற்றையும் சேர்த்து நான்கு நாள் பார்த்தேன். கொக்கு 58. மடை திறந்து தண்ணீர் பாய்வது 43. நடவு 36. அறுவடை இயந்திரத்தின் டயர், டயர் மட்டும், ஆறு. கோபுரம், குளம், ஆட்டுக்குட்டி, பஞ்சாயத்துக் குழாய். சரோஜா அக்கா பூஜ்யம். ஒரு படத்தில் வாழை இலையில் சோறு. ஓரத்தில் குழம்புக் கரண்டி பிடித்த ஒரு மணிக்கட்டு. அதில் வளையல் இல்லை. அது அக்காவின் கை.

வசந்தாவிடம் காட்டினேன். "இதுதான் இருக்கு" என்றேன்.

"எப்படி இருக்கும்? அவ எதிர வந்தாலே 'கொஞ்சம் தள்ளிக்கோங்கக்கா'ன்னுதானே சொல்வீங்க."

"அது ஃப்ரேமுக்காக. யார் குறுக்க வந்தாலும் சொல்வேன். உன்னைச் சொன்னதில்லையா, செல்வத்தைச் சொன்னதில்லையா?"

"எங்களச் சொன்னா நாங்க தள்ளிப்போம், அவ்வளவுதான். அவளுக்கு முப்பத்தெட்டு வருஷமா எல்லாரும் அதைத்தானே சொன்னாங்க. 'சரோஜா, நல்ல காரியம், நீ கொஞ்சம் அந்தப் பக்கம் இரு.' நீங்களும் அதைத்தான் சொல்றீங்கன்னு நெனச்சுக்கிட்டா."

"அக்கா அப்படிச் சொன்னாங்களா?"

"நீங்க கேமராவைத் தோள்ல மாட்டினதும் பின்கட்டுக்குப் போயிடுவா. ஒரு தடவை கேட்டேன். 'தம்பி சங்கடப்படக் கூடாதுல்ல, அவர் சொல்றதுக்கு முன்னாடி நாமளே போயிடலாம்'னா."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. யார் மேல் என்று அப்போது தெரியவில்லை. "இதை ஏன் பதினோரு வருஷமா எங்கிட்ட சொல்லல?" என்று வசந்தாவிடம்தான் பாய்ந்தேன். "சொன்னா அதையும் ஒரு பதிவா எழுதுவீங்க" என்றாள்.

இப்போது எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

இந்தச் சாங்கியத்தில் எனக்கு எந்தக் காலத்திலும் நம்பிக்கை கிடையாது. என் மகன் கல்யாணத்தில் அக்காதான் முதலில் அட்சதை போட வேண்டும் என்று நின்றவன் நான். ஆனால் அதை வாயால் சொன்னேனே தவிர, பிறகு நான்கு பயணத்திலும் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஊர்க்காரர்கள் சொன்ன அதே வார்த்தையைத்தான் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன். நான் வெளிச்சத்துக்காகச் சொன்னேன். சுவருக்காகச் சொன்னேன். அது அவங்களுக்கு எப்படித் தெரியும்?

6

'தேறாதவை' கோப்புறையில் 5,902 படங்கள். படத்திறப்புக்கு ஒன்பது நாள் இருந்தது. காலைக் காப்பிப் படத்தையும் தோசைப் படத்தையும் நிறுத்திவிட்டுத் தினமும் காலை முதல் மாலை வரை பார்த்தேன். ஆட்டம் கண்டவை, இருண்டவை, என் கட்டைவிரல், என் செருப்பு. மூன்றாம் நாள் சாயங்காலம் அக்கா வந்தார்.

இரண்டாவது பயணத்தில் எடுத்தது. வீட்டுப் பக்கச்சுவர், சுண்ணாம்பு உரிந்த மஞ்சள், அதில் காலை வெயில் சாய்வாக விழுகிறது, கீழே காயும் நெல். சுவருக்கு முன்னால் சரோஜா அக்கா, கையில் தண்ணீர்ச் செம்பு. உடம்பு பாதி திரும்பிவிட்டது, முகம் மட்டும் நேராக கேமராவைப் பார்க்கிறது. கண்ணாடி போலத் தெளிவான முகம். ஒவ்வொரு முடியும் தெரிகிறது. புருவம் கொஞ்சம் ஏறியிருக்கிறது. நல்ல சாம்பல் நிறக் கண்கள். இத்தனை வருஷத்தில் அது எனக்குத் தெரியாது.

அடுத்த படம் ஏழு வினாடி கழித்து எடுத்திருக்கிறேன். அதே சுவர், அதே வெயில், அதே நெல், ஆள் இல்லை. அந்தப் படம் உங்களுக்குத் தெரியும். 'சுவரும் வெயிலும்', 318-ஆம் பதிவு. இந்த வலைப்பூவிலேயே அதிகம் பாராட்டப்பட்ட படம். 141 கருத்துரைகள். அச்சுப் போட்டு எங்கள் கூடத்தில் மாட்டியிருக்கிறேன்.

முதல் படத்தைச் செல்வத்துக்கு அனுப்பினேன். சட்டம் போடக் கொடுத்ததை அவன் திரும்ப வாங்கிவிட்டான். பதினாறாம் நாள் இங்கே வசந்தாவும் நானும் ஃபோனில் பார்த்துக்கொண்டிருக்க, திரை விலகியது. அக்கா அக்காவாகவே இருந்தார். வசந்தா அன்றைக்குத்தான் அழுதாள்.

மறுநாள் செல்வம் கூப்பிட்டான்.

"படம் ரொம்ப நல்லாருக்கு சித்தப்பா. எல்லாரும் கேக்கறாங்க, யாரு எடுத்ததுன்னு. அம்மா என்னமோ கேக்கற மாதிரியே இருக்குல்ல? எந்தப் பக்கம் நின்னு பாத்தாலும் கேக்குது. அப்ப என்ன கேட்டுச்சு உங்கள?"

"தண்ணி வேணுமான்னு கேட்டாங்கடா" என்றேன்.

பொய். அந்தச் செம்பை எனக்காகத்தான் கொண்டு வந்தார், அது உண்மை. ஆனால் அந்த முகத்தில் இருக்கிற கேள்வி தண்ணீர் இல்லை. 'தள்ளிக்கோங்கக்கா' என்று நான் அப்போதுதான் சொல்லி முடித்திருந்தேன். நிற்கட்டுமா, போய்விடட்டுமா என்று பார்க்கிறார். ஏழு வினாடியில் போயும்விட்டார். அந்தத் தண்ணீரைக் குடித்தேனா என்று எனக்கு நினைவில்லை. எல்லாவற்றையும் எண்ணி வைத்தவனுக்கு இது நினைவில்லை.

கூடத்தில் மாட்டியிருந்த சுவர்ப் படத்தை எடுத்துவிட்டேன். 318-ஆம் பதிவிலும் அதை நீக்கிவிட்டு அக்கா நிற்கிற படத்தைப் போட்டேன். விளக்கம் ஒன்றும் எழுதவில்லை. இரண்டு நாள் கழித்து நீண்டகால வாசகர் ஒருவர், நல்லவர்தான், பேராவூரணிக்காரர், கருத்துரை எழுதியிருந்தார்: 'ஐயா, பழைய படத்தை ஏன் எடுத்துவிட்டீர்கள்? அதுதான் சுத்தமாக இருந்தது. இதில் ஒரு அம்மா குறுக்கே வந்துவிட்டார்.'

இரண்டு பக்கத்துக்குப் பதில் எழுதினேன். வசந்தா படித்துவிட்டு, "பாவம், அவருக்கு என்ன தெரியும்" என்றாள். எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஒரே வரி போட்டேன்.

'அவங்க நிற்கட்டும். நீங்க கொஞ்சம் தள்ளிக்கோங்க.'